அடுத்த லீவுக்கு ஜவ்வாது மலைக்குப் போங்கள்

மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் வந்தால் போதும், சென்னையில் பாதி வீடுகளில் ஊட்டியா கொடைக்கானலா என்ற பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. அந்த இரண்டு ஊருக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். உயர் நீதிமன்றம் தலையிட்டு வண்டிகளைக் கணக்கெடுக்கச் சொல்லும் அளவுக்கு நெரிசல். ஓய்வெடுக்கக் கிளம்பி, கொண்டை ஊசி வளைவில் மணிக்கணக்காக வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதில் என்ன ஓய்வு?

நான் சொல்வது ஜவ்வாது மலை. அதிலும் ஜமுனாமரத்தூர். சென்னையிலிருந்து காஞ்சிபுரம், ஆற்காடு, ஆரணி, போளூர் என்று போனால் 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். விடிவதற்குள் கிளம்பி ஆரணியில் டிபன் முடித்தால் வெயில் ஏறுவதற்குள் மலையேறிவிடலாம். போளூர் தாண்டியதும் சாலை குறுகும், காற்று மாறும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஏசியை அணைத்துவிடுங்கள்.

செய்யாறு பிறப்பது இந்த மலையில்தான். செங்கம் பக்கம் இறங்கி, சமவெளியெல்லாம் சுற்றி, திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. அந்தப் பாலாற்றுப் படுகையில் கிணறு தோண்டித்தான் தாம்பரம், பல்லாவரம் பக்கத்துக்குக் குடிநீர் எடுத்தார்கள். நாங்கள் குடித்து வளர்ந்ததும் அந்தத் தண்ணீர்தான். கூவத்தையும் அடையாற்றையும் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டும் நம் பிள்ளைகளுக்கு, ஆறு என்றால் என்ன என்று காட்ட இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

மழைக்காலம் முடிந்த கையோடு போனால் ஓடைகளில் தண்ணீர் தெளிந்து ஓடும். முழங்கால் ஆழத்தில் நின்றால் கால் விரல் தெரியும். கொஞ்சநேரம் அசையாமல் நின்றால் பொடிமீன்கள் வந்து குதிகாலைக் கொத்தும். பாறையின் நிழல் பக்கத்தில் ஒரு சின்ன நண்டு, ஒரு கொடுக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, நாம் எப்போது போவோம் என்று காத்திருக்கும். இதைப் பார்க்க அரைமணி நேரம் ஆகும், ஆகட்டும். பீமன் அருவி ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம்.

இந்த வழிக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் உண்டு. பத்துப்பாட்டில் வரும் மலைபடுகடாம், செங்கத்து மன்னன் நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு வழிசொல்லும் பாட்டு. 583 அடி. இந்தச் செய்யாற்றைச் சேயாறு என்று பேர் சொல்லியே பாடுகிறது. எங்கே வழுக்கும், தினைப்புனக் காவலர் வீசும் கவண்கல்லுக்கு எங்கே ஒதுங்க வேண்டும், எந்த ஊரில் என்ன சோறு போடுவார்கள் என்றெல்லாம் அதில் வருகிறது. போகும் வழியும் வழியில் பார்க்கும் மனிதர்களும்தான் அந்தப் பயணமே. நமக்கோ கூகுள் மேப்பில் எத்தனை நிமிடம் மிச்சமானது என்பதே பேச்சாக இருக்கிறது.

மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள், கேரளத்து மலையாளிகள் இல்லை, தமிழ் பேசுபவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அவர்கள் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். சாமையும் தேனும் புளியும் அவர்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். சாலையோரக் கடையில் ஒரு அக்கா சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். சாப்பிட்டு எழுந்ததும், "எங்க போவப் போறீங்க, வெயில் சாயட்டும், உக்காந்துட்டுப் போங்க" என்று பாயை விரித்துப் போட்டார். அதற்கு மேல் எந்த ரிசார்ட் என்ன செய்துவிட முடியும்?

மலையின் இன்னொரு பக்கம் காவலூர். வைணு பாப்பு வான் ஆய்வகம் அங்கே இருக்கிறது, 2.34 மீட்டர் தொலைநோக்கியோடு. 1988-இல் இங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். இரவு இருட்டாக இருப்பதால்தான் அந்த ஆய்வகமே அங்கே வந்தது. ஆகவே இந்த மலைக்கு டிஜேவும் வண்ண விளக்கும் வேண்டவே வேண்டாம்.

இதை எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். எழுதினால் கூட்டம் வரும், கூட்டத்தோடு பாட்டிலும் வரும். இப்போதே அருவிப் பாறைகளில் உடைந்த கண்ணாடி கிடக்கிறது. செருப்பில்லாமல் நடக்கிற மலைப் பிள்ளைகளின் காலில்தான் அது ஏறும். எனக்கு மனசு ஆறவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஆற்றின் தண்ணீரைக் குடிப்பவர்கள் ஒருமுறையாவது அதன் பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதனால் குடிக்கிற கூட்டத்தோடு போகாதீர்கள். வீட்டுப் பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு ராத்திரியாவது தங்குங்கள், ஒரே ஊரில் இருங்கள், பட்டியல் போட்டு ஓடாதீர்கள். பெட்ரோலைப் போளூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு சாக்குப்பையும் வண்டியில் இருக்கட்டும். உங்கள் குப்பையோடு, கண்ணில் படும் மற்றவர் குப்பையையும் அதில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.