எந்த கம்பெனி கேமரா வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு

கல்லூரிகள் திறக்கும் ஜூன் மாதத்திலும், முகூர்த்தங்கள் தொடங்கும் தை மாதத்திலும் எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான். "அண்ணா, கேனன் வாங்கட்டுமா, நிக்கானா, சோனியா?" கேட்பவர்களில் பெரும்பாலோர் சீட்டுப் பணம் எடுத்தோ, வீட்டில் நகையை அடகு வைத்தோ முதல் கேமரா வாங்கப் போகிறவர்கள். அவர்களுக்குக் கிடைக்கும் பதில்களைப் படித்தால் வயிறு எரிகிறது. ஆளுக்கொரு கம்பெனிக்குக் கொடி பிடித்துக்கொண்டு மெகாபிக்ஸல் கணக்கில் மல்லுக்கு நிற்கிறார்கள். வாங்குகிறவனின் ஊர் எது, தொழில் எது, அடுத்த வருடம் அவனுக்கு என்ன லென்ஸ் தேவைப்படும் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை.

படத்தின் தரத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். இன்று கடையில் இருக்கும் மிரர்லெஸ் (உள்ளே பிம்பத்தைத் திருப்பும் ஆடி இல்லாத புதிய வகை) கேமராக்களில் மோசமாகப் படம் எடுக்கும் கேமராவைத் தேடினாலும் கிடைக்காது. நிக்கான், ஃபியூஜிஃபிலிம் கேமராக்களுக்குள் இருக்கும் சென்சார்களில் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லுகளில்) பல, சோனியின் செமிகண்டக்டர் பிரிவு தயாரித்தவை. ஆல்பத்தில் அச்சான படத்தைப் பார்த்து இது இன்ன கம்பெனி என்று சொல்லும் மாமனார் இன்னும் பிறக்கவில்லை.

பார்க்க வேண்டியது பாடியின், அதாவது லென்ஸ் இல்லாத கேமராவின், முகத்தில் இருக்கும் அந்த உலோக வளையத்தை. மவுண்ட். லென்ஸ் போய்ப் பூட்டிக்கொள்ளும் இடம். பாடி ஐந்தாறு வருடத்தில் பழையதாகிவிடும். நல்ல லென்ஸ் இருபது வருடம் உழைக்கும். முதல் பாடியோடு நாம் எந்த வளையத்துக்குள் நுழைகிறோமோ, அடுத்தடுத்து வாங்கும் லென்ஸ்களின் காசெல்லாம் அந்த வளையத்துக்குள்தான் போய்ச் சேரும். நான்கு லென்ஸ் வாங்கிய பிறகு கம்பெனி மாறுவது என்றால், அத்தனையையும் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுத்தான் மாற வேண்டும்.

அந்த வளையத்தைக் கம்பெனிகள் எப்படி நடத்தியிருக்கின்றன என்று பார்த்தால் நிறையப் புரியும். கேனன் 1987இல் தன் எஃப்டி மவுண்டை ஒரேயடியாகக் கைவிட்டு இஎஃப் மவுண்டுக்கு மாறியது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள், அந்தக் கோபம் நியாயமானது. நிக்கான் அப்படிச் செய்யவில்லை. 1959இல் வந்த எஃப் மவுண்டைத் தன் டிஎஸ்எல்ஆர் (மிரர்லெஸுக்கு முந்தைய, ஆடி வைத்த டிஜிட்டல் கேமரா) காலம் முழுவதும் விடாமல் காப்பாற்றியது. இந்த இரண்டில் எது வாடிக்கையாளருக்கு நல்லது செய்தது என்று கேட்டால், நிக்கான் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நடந்தது வேறு.

இஎஃப் மவுண்டில் லென்ஸுக்கும் பாடிக்கும் இடையே நடக்கும் பேச்சுவார்த்தை முழுக்க மின்சாரம் வழியாக. ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, அபெர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துவாரத்தை, இயக்குவதும் மின்சாரம்தான். அதனால் 2018இல் கேனன் மிரர்லெஸுக்கான ஆர்எஃப் மவுண்டுக்கு மாறியபோது பழைய லென்ஸ்களுக்கு ஒரு வெற்றுக் குழாய் போதுமானதாக இருந்தது. இஎஃப் லென்ஸ் சென்சாரிலிருந்து 44 மில்லிமீட்டர் தள்ளி உட்கார வேண்டும், ஆர்எஃப் வளையம் 20 மில்லிமீட்டரில் இருக்கிறது. மீதி 24 மில்லிமீட்டரை அடாப்டர் நிரப்புகிறது. உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை, மின்தொடர்பு மட்டும். முப்பது வருடம் பழைய லென்ஸும் புது பாடியில் ஆட்டோஃபோகஸ் செய்கிறது. நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களில் மோட்டார் கிடையாது. பாடியிலிருந்து ஒரு சிறிய திருகுமுனை நீண்டு வந்து லென்ஸைச் சுழற்றும். டி3000, டி5000 வரிசை பாடிகளில் அந்த மோட்டாரை நிக்கான் வைக்கவே இல்லை. பழைய லென்ஸை நிக்கானின் புதிய மிரர்லெஸ் மவுண்டான இசட்டில் மாட்டும் எஃப்டிஇசட் அடாப்டரிலும் இல்லை. வளையம் பொருந்தும், லென்ஸ் உட்காரும், ஆனால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அண்ணன் கொடுத்த லென்ஸை மாட்டிவிட்டு, ஏன் ஃபோகஸ் ஆகவில்லை என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது வருத்தமாக இருக்கும்.

பாதியில் நின்றுபோன மவுண்டுகளும் உண்டு. சாம்சங்கின் என்எக்ஸ், நிக்கான் 1, கேனன் இஎஃப்-எம். நம்பி வாங்கியவர்களிடம் லென்ஸ் இருக்கிறது, புதிய பாடி இனி வராது. சிறிய சென்சார் கேமராக்களுக்கான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸின் கதை வேறு. 2008இல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து அறிவித்த மவுண்ட் அது. 2021இல் ஒலிம்பஸ் கேமரா தொழிலையே கைமாற்றிவிட்டு வெளியேறியபோதும் மவுண்ட் சாகவில்லை. ஒரே முதலாளியின் கையில் அது இல்லை என்பதுதான் காரணம்.

இதனால்தான் திறந்த மவுண்டுக்கு, அதாவது மற்ற கம்பெனிகளும் லென்ஸ் செய்யலாம் என்று விட்ட மவுண்டுக்கு, நான் இவ்வளவு வாதாடுகிறேன். சோனி 2010இல் இ மவுண்டைக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டே அதன் அடிப்படை விவரங்களை மற்ற லென்ஸ் தயாரிப்பாளர்களுக்குக் கட்டணமின்றிக் கொடுத்தது. டாம்ரான், சிக்மா, சாம்யாங், வில்ட்ராக்ஸ் என்று வரிசையாக வந்தார்கள். சோனியின் சொந்த லென்ஸ் எட்டாத விலையில் இருந்தாலும், அந்த வேலையைச் செய்ய டாம்ரான் 28-75 போன்ற ஒன்று பாதி விலையில் கிடைக்கிறது. கேனனோ மற்ற கம்பெனிகள் லென்ஸ் செய்ய விடாமல் ஆர்எஃப் மவுண்டைப் பூட்டி வைத்தது. 2022இல் வில்ட்ராக்ஸ் தன் ஆர்எஃப் லென்ஸ் விற்பனையை நிறுத்த நேர்ந்தது. சிக்மாவும் டாம்ரானும் அனுமதியோடு ஆர்எஃப் லென்ஸ்களை அறிவித்ததே 2024இல்தான், அதுவும் ஃபுல் ஃபிரேமுக்கு (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சாருக்கு) அல்ல, அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு. கேனனின் முகநிறத்தையும் ஆட்டோஃபோகஸையும் நான் மனதாரப் பாராட்டுவேன். இந்தப் பூட்டை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. நடுத்தர வருமானக்காரனின் கழுத்தில்தான் அது விழுகிறது.

நிக்கான் இசட் மவுண்டில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. அதன் வளையம் சென்சாரிலிருந்து 16 மில்லிமீட்டர், சோனியுடையது 18. அந்த 2 மில்லிமீட்டர் இடைவெளிக்குள் ஒரு மெல்லிய அடாப்டரைச் செருகி, சோனி லென்ஸை ஆட்டோஃபோகஸோடு நிக்கானில் ஓட்டுகிறார்கள். சோனி பாடியில் நிக்கான் இசட் லென்ஸை இப்படி மாட்ட வழியே இல்லை.

கல்யாண வேலைக்கு இறங்கும் தம்பிகளுக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். உங்கள் ஊரில் உங்களைக் கூப்பிட்டு வேலை கொடுக்கும் மூத்தவர் என்ன வைத்திருக்கிறார் என்று பார்த்து அதையே வாங்குங்கள். மண்டபத்தில் பேட்டரி தீர்ந்தால் அவர் பையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், லென்ஸை இரவல் கேட்கலாம், தள்ளி வைத்த ஃபிளாஷை இயக்கும் ட்ரிக்கர் பொருந்தும். ட்ரிக்கர்களே கேனனுக்கு ஒன்று, சோனிக்கு ஒன்று என்றுதான் விற்கின்றன. கைப்பழக்கமும் சாதாரண விஷயம் அல்ல. கேனனிலும் சோனியிலும் லென்ஸைப் பூட்டத் திருகும் திசைக்கு நேர் எதிர்த்திசையில் நிக்கானில் திருக வேண்டும். கெட்டிமேளம் முழங்கும்போது விரல் ஒரு கணம் தடுமாறினால் முதல் முடிச்சு போய்விடும், மாப்பிள்ளையிடம் இன்னொரு தரம் கட்டச் சொல்ல முடியாது. கையில் காசு குறைவு என்றால் கேனன் ஆர்எஃப் பாடி ஒன்று, பழைய இஎஃப் லென்ஸ் இரண்டு, நடுவில் அந்த வெற்றுக் குழாய். டிஎஸ்எல்ஆரை விட்டுப் போகிறவர்கள் விற்கும் இஎஃப் லென்ஸ்கள் சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. பூட்டைப் பற்றி மேலே அவ்வளவு எழுதிய பிறகும் இதைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது.

கூந்தன்குளத்துக்கும் வேடந்தாங்கலுக்கும் பறவை எடுக்கப் போகிறவர்கள் லென்ஸிலிருந்து தொடங்கிப் பாடிக்கு வர வேண்டும். சோனி 200-600 எம்.எம்., நிக்கான் 180-600 எம்.எம். ஜூம் லென்ஸ்கள் இரண்டும் ஏறத்தாழ 2 கிலோ கனம். கேனனின் 600 எஃப் 11 ஒரு கிலோவுக்கும் குறைவு, ஆனால் எஃப் 11 என்றால் துவாரம் சிறியது, விடியற்காலையில் அதன் வழியே மிகக் குறைந்த வெளிச்சம்தான் வரும். நாரை கூட்டுக்குத் திரும்பும் அந்திநேரத்தில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) எகிறும், படம் புள்ளி புள்ளியாகும். தோள்வலி உள்ளவர்களுக்கு மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் நல்லது. அதில் 300 எம்.எம். லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 600 காட்டும் அளவுக்கு நெருக்கிக் காட்டும்.

கடைசியாக சர்வீஸ். கடற்கரை மாவட்டங்களில் மழைக்காலத்தில் பூட்டிவைத்த லென்ஸின் கண்ணாடியில் பூஞ்சை நூல் நூலாகப் படர்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதைப் பிரித்துச் சுத்தம் செய்ய ஆள் தேடுவது எவ்வளவு பாடு என்று. வெளிநாட்டிலிருந்து வந்தது என்று குறைந்த விலைக்குத் தருகிறார்களே, அதற்கு இந்திய வாரண்டி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டுவதற்கு முன்பு கம்பெனியின் சர்வீஸ் மையத்துக்கு நீங்களே போன் செய்யுங்கள். உங்கள் மாவட்டத்தில் பொருளை எங்கே ஒப்படைக்க வேண்டும், எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்று கேளுங்கள். தூத்துக்குடி, நாகர்கோவில், ராமநாதபுரம் பக்கம் கேமரா பழுது பார்க்கக் கொடுத்தவர்கள் இருந்தால், எந்த மவுண்ட், எத்தனை நாள் ஆனது, உதிரிபாகம் கிடைத்ததா என்று இங்கே எழுதுங்கள். வாங்கப் போகிற பிள்ளைகள் படிப்பார்கள்.