கண்மை மட்டுமே எமோ அல்ல

எமோ என்றால் இழப்பையும் ஏக்கத்தையும் தொண்டை கிழியப் பாடும் ஒரு ராக் இசை வகை; கண்மை பூசிய குழுக்களால் பின்னாளில் பிரபலமானது. நேற்று முன்தினம் பகிரப்பட்ட அந்த 'எமோ மறுமலர்ச்சி' பட்டியலை இங்கிருப்பவர்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். அதில் விட்டுப்போன குழுக்களின் பெயர்களைச் சொல்லி அதன் கீழே நான் இட்ட பின்னூட்டத்தையும், அதற்கு எனக்குக் கிடைத்த மரியாதையையும் சேர்த்தே பார்த்திருப்பீர்கள் என்பதால் அந்தக் கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. பத்துக் குழுக்கள் கொண்ட அந்தப் பட்டியலில் தொண்ணூறுகளில் இசைத்தட்டு வெளியிட்ட குழு ஒன்றுகூட இல்லை. 2008-க்குப் பிறகு தோன்றிய குழுவும் இல்லை. மறுமலர்ச்சி என்று தலைப்பு வைத்துவிட்டு, அதை நடத்திக் காட்டியவர்களில் ஒருவரைக்கூடச் சேர்க்காமல் எழுதி முடிப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

2022 அக்டோபரில் லாஸ் வேகஸில் 2000-களின் புகழ்பெற்ற ராக் குழுக்களான மை கெமிக்கல் ரொமான்ஸும் பாராமோரும் மேடையேறிய விழாவில்தான் எமோ உயிர்த்தெழுந்தது என்கிறார் பட்டியலாளர். அந்த விழாவின் முதல் நாள் பலத்த காற்றினால் ரத்தாயிற்று. ஆகவே உயிர்த்தெழுதலும் ஒரு நாள் தள்ளிப்போனது என்று வைத்துக்கொள்வோம்.

சாகாத ஒன்று எப்படி உயிர்த்தெழும் என்பதுதான் என் கேள்வி. வாஷிங்டன் நகரின் ஹார்ட்கோர் பங்க் (வேகமும் ஆவேசமும் கூடிய ராக் இசை) கூட்டத்திலிருந்து 1985-இல் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற குழு ஒரே ஒரு முழு இசைத்தட்டை வெளியிட்டது. அடிதடியாகிப் போயிருந்த அந்த இசைக்குள் இழப்பையும் ஏக்கத்தையும் தொண்டை கிழியப் பாடியவர்கள் அவர்கள். 'எமோ' என்ற பெயரை அவர்கள் கேட்டு வாங்கவில்லை. கேலியாக ஒட்டப்பட்ட பெயர் அது. பிறகு இந்த இசை அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதிக்கு நகர்ந்தது. சிகாகோவின் புறநகரில் பள்ளி வயதுப் பையன்கள் தொடங்கிய கேப்ன் ஜாஸ் குழு, 1995-இல் ஒரே முழு இசைத்தட்டோடு கலைந்தது. தெற்கே டெக்சஸின் மினரல் குழு இரண்டு முழு இசைத்தட்டுகளோடு கலைந்தது. இல்லினாய் பல்கலைக்கழக மாணவர்களான அமெரிக்கன் ஃபுட்பால் குழுவினர் 1999-இல் தங்கள் முதல் முழு இசைத்தட்டை வெளியிட்டுவிட்டு, படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் போனார்கள். விற்பனையை மட்டும் வைத்துப் பார்த்தால் இவர்கள் எல்லோரும் தோற்றவர்கள்தாம். ஆனால் இவர்கள் இல்லாமல் இந்த வரலாறு இல்லை.

நான் ஒன்றும் பிறக்கும்போதே இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பிறக்கவில்லை. 2010-இல் கல்லூரி விடுதியில் ஒரு சீனியரின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சகட்டுமேனிக்கு நகலெடுத்ததில் 'மினரல்' என்றொரு ஃபோல்டர் வந்து சேர்ந்தது. "என்னடா, தண்ணி கம்பெனியா?" என்று கேட்ட அறைத் தோழன்தான், அன்றிரவு மின்சாரம் போன பிறகு மடிக்கணினியின் பேட்டரி தீரும்வரை என்னோடு சேர்ந்து அதைக் கேட்டான். மெதுவாகத் தொடங்கும் கிட்டார், எந்த நொடியில் உடைந்து பெருகும் என்று சொல்ல முடியாத டிரம்ஸ், சுருதி பிசகினாலும் கவலைப்படாத குரல். அடுத்த மாதம் அமெரிக்கன் ஃபுட்பாலை வாசித்துப் பார்க்க ஆசைப்பட்டு, கிட்டாரின் ஆறு தந்திகளுக்கும் வழக்கமான ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ சுருதியை அவர்களுடைய எஃப்-ஏ-சி-ஜி-சி-ஈ-க்கு மாற்றினோம். 'பி' தந்தியை 'சி'க்கு ஏற்றும்போது அது அறுந்து அவன் புறங்கையில் கோடு போட்டது. மீதம் ஐந்து தந்திகளில் வாசித்தோம். கேவலமாக இருந்தது; ஆனால் அப்படியொரு மகிழ்ச்சி.

என் பின்னூட்டத்துக்குப் பதிலாக, "நீங்கள் மேதாவித்தனம் காட்டுகிறீர்கள்" என்றார் ஒருவர். யாரும் கேட்டறியாத குழுவின் பெயரைச் சொன்னாலே மேதாவித்தனம் என்றால், எல்லோருக்கும் தெரிந்ததை மட்டும்தான் எழுத வேண்டுமா? பதினான்கு ஆண்டுகளாக இந்தப் பக்கத்தில் பைசா வருமானமில்லாமல் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் எங்கிருந்து தொடங்கலாம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவனுக்கு இந்தப் பட்டம் பொருத்தம்தான், நன்றி. "இசையை ரசிக்க வேண்டியதுதானே, வகைப்பெயரில் என்ன இருக்கிறது?" என்றார் இன்னொருவர். ஒன்றும் இல்லையென்றால் அவர் ஏன் அந்தப் பெயரில் பட்டியல் போட்டவருக்கு ஆதரவாக வருகிறார் என்று தெரியவில்லை. மை கெமிக்கல் ரொமான்ஸ் வழியாகத்தான் பலர் இந்த இசைக்குள் வந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நானும் அப்படி வந்தவன்தான். அந்தக் குழுவின் பாடகரே எமோ என்ற முத்திரையை மறுத்தவர் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு நகர்கிறேன்.

உண்மையான மறுமலர்ச்சி எப்படி நடந்தது? ஃபிலடெல்ஃபியா பக்கத்து அல்ஜெர்னான் காட்வாலடர் என்ற குழு 2008-இல் தன் முதல் முழு இசைத்தட்டை வெளியிட்டது. கேப்ன் ஜாஸின் அந்தப் பழைய கிறுக்குத்தனமும் கூச்சலும் அதில் அப்படியே இருந்தன. பென்சில்வேனியாவின் ஸ்னோயிங் குழு வந்தது. மிச்சிகனின் எம்பயர்! எம்பயர்! குழுவினர் கவுண்ட் யுவர் லக்கி ஸ்டார்ஸ் என்று சொந்தமாகவே ஒரு வெளியீட்டு நிறுவனத்தை நடத்தினார்கள். வீடுகளின் நிலவறைகளில், ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் நடுவே கை வைக்க இடமில்லாத நெரிசலில் நடந்த காரியம் இது. லாஸ் வேகஸ் விழாவுக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. இவர்களைக் கேட்டு வளர்ந்த கூட்டம் இருந்ததால்தான் 2014-இல் அமெரிக்கன் ஃபுட்பாலின் பழைய இசைத்தட்டு மறுபதிப்பாக வந்தபோது வாங்க ஆளிருந்தது. ஆண்டுக்கணக்கில் வேறு வேலைகள் பார்த்தவர்கள் மீண்டும் மேடையேறினார்கள். அந்த இசைத்தட்டின் அட்டையில் இருக்கும் அர்பானா நகரத்து வெள்ளை வீட்டை 2023-இல் அந்தக் குழுவும் அதை வெளியிட்ட பாலிவினைல் நிறுவனமும் இன்னும் சிலரும் சேர்ந்து வாங்கியே விட்டார்கள். செத்துப்போன இசைக்கு யாராவது வீடு வாங்குவார்களா?

இத்தனையும் எழுதியது பட்டியலாளருக்காக அல்ல என்பது இந்நேரம் புரிந்திருக்கும். அவர் யாரோ; நாளை வேறு பட்டியல் போடுவார். அந்தப் பின்னூட்டங்களுக்கு நடுவில், "இன்னுமாடா அந்த அழுகைப் பாட்டு?" என்று சிரிப்புப் பொம்மையோடு ஒருவன் எழுதியிருந்தான். அதற்கு நாற்பத்தொரு பேர் விருப்பக்குறி இட்டிருந்தார்கள். அவன் இப்போது பெரிய பதவியில் இருக்கிறான், நேரமில்லாதவன், எல்லாம் சரி. ஆனால் அந்தப் புறங்கைக் கோடு மறைந்திருக்காது என்று நினைக்கிறேன். 2013-இல் என்னிடமிருந்து இரவல் வாங்கிப்போன ஹார்ட் டிஸ்க்கும் அவனிடம்தான் இருக்கிறது. அழுகைப் பாட்டு வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கூரியர் செலவை நானே தருகிறேன்.