தயிர்சாதமும் 1914-ம்

காலையிலிருந்து மூன்று பேர் அந்தத் தயிர்சாத மீமை எனக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லோரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி இங்கே ஒட்டவில்லை. இங்கிலாந்திலும் தயிர்சாதமே வேண்டும் என்ற சாப்பாட்டுப் பிடிவாதத்தால் கணிதமேதை ராமானுஜன் 32 வயதில் போய்விட்டாராம். கீழே வரிசையாகச் சிரிப்பு.

ஐயா, வருஷத்தைப் பாருங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன். 1887 டிசம்பரில் ஈரோட்டில் பிறந்தவர் இங்கிலாந்தில் கால் வைத்தது 1914 ஏப்ரலில். ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் போரில் இறங்கிவிட்டது. நாலு மாசம்கூட நிம்மதியில்லை. அவர் இருந்த கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரிக்குள்ளேயே காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டில் போட்டார்கள். கூட உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய கணிதப் பேராசிரியர் லிட்டில்வுட் பீரங்கிப் படைக்குப் போனார். கடலெல்லாம் நீர்மூழ்கிகள். 1918-இல் சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் ரேஷன். அந்த ஊரில், அந்த வருஷங்களில், ஒரு மனுஷன் அறையில் தானே சமைத்துச் சாப்பிட்டது உங்களுக்குச் சிரிப்பா?

‘போர் எல்லோருக்கும்தானே, அவரை அங்கே வரவழைத்த கணிதர் ஹார்டி நன்றாகத்தானே இருந்தார்?’ என்பீர்கள். ஹார்டிக்கு அது சொந்த நாடு சார். அப்புறம் நோய். 1994-இல் யங் என்ற மருத்துவர் பழைய பதிவுகளைப் புரட்டி, அது காசநோயாக இருக்காது, மதராஸில் வந்த சீதபேதியின் தொடர்ச்சியாகக் கல்லீரலில் அமீபா தொற்று இருந்திருக்கலாம் என்றார். சரி, அப்படியானால் போர்தான் காரணம் என்ற என் வாதமும் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் தயிர்சாதம் மொத்தமாகக் கவிழ்கிறதே!

1917-இல் படுத்தவர் ஏன் உடனே ஊர் திரும்பவில்லை என்று யாராவது கேட்டீர்களா? லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர் கௌரவம்கூட நோயாளியாக இருக்கும்போதுதான் வந்தது. 1918 நவம்பரில் போர் நின்றது. 1919 பிப்ரவரியில் கப்பல் ஏறினார். 1920 ஏப்ரலில் சென்னை சேத்துப்பட்டில் எல்லாம் முடிந்தது. இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க ஒரு காகிதம் போதும். மீம் போடுவதைவிடச் சுலபம்.

‘ஒரு ஜோக்குக்கு இவ்வளவு கோபமா?’ ஆமாம், கோபம்தான். 2020 மார்ச்சில் நான் வெளிநாட்டில் ஒரு மாணவர் விடுதியில் மாட்டிக்கொண்டேன். விமானம் இல்லை. அம்மா அனுப்பிய பருப்புப்பொடி பார்சல் எந்தக் கிடங்கில் கிடந்ததோ, கடைசிவரை வரவேயில்லை. ரொட்டியும் ஊறுகாயும்தான். 11 கிலோ இளைத்து ஊர் வந்தேன். ஒரு விசேஷ வீட்டில், பந்தியில், பத்துப் பேர் முன்னால் மாமா சொன்னார்: “இவனுக்கு அம்மா கைச்சோறு இல்லாம இறங்காது, அதான் இப்படி ஆயிட்டான்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உலகமே கதவடைத்துக் கிடந்தது அந்தப் பந்தியில் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

மீம் அனுப்பிய மூன்று பேரில் மாமாவும் ஒருவர்.