ஆறாம் வகுப்பில் யார் பக்கத்தில் யார்?

அரசு நடுநிலைப்பள்ளி ஒன்றை விசாரிக்க வருபவர்கள் வழக்கமாகக் கேட்பது: ஆங்கில வழி உண்டா, ஸ்மார்ட் போர்டு உண்டா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா. மூன்றாவது கேள்வியை மதிக்கிறேன். நான் கேட்பது வேறொன்று. ஜூனில் தனித்தனிக் கூட்டமாக வந்து உட்கார்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், காலாண்டுத் தேர்வு வரும்போது எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் இது வேண்டாத ஆராய்ச்சி இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு ஏறத்தாழ 49 பேர் இந்துக்கள், 47 பேர் கிறிஸ்தவர்கள், 4 பேர் முஸ்லிம்கள். எழுத்தறிவு 91.75 சதவீதம், அப்போது தமிழ்நாட்டிலேயே முதலிடம். இந்த எண்ணைச் சொல்லிப் பெருமைப்படாத மேடை எங்கள் ஊரில் கிடையாது. ஆனால் காலை எட்டு மணிக்குக் கருங்கல் சந்திப்பில் நின்று பாருங்கள். எந்த வேனில் எந்த வீட்டுப் பிள்ளை ஏறும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். மதத்துக்கு ஒரு பள்ளி, சபைக்கு ஒரு பள்ளி, வசதிக்கு ஒரு பள்ளி. 1806-இல் ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த காலத்திலிருந்து மிஷன் பள்ளிகள் இந்த மண்ணில் யாருக்கெல்லாம் எழுத்தைக் கொடுத்தன என்பது எனக்குத் தெரியும். அந்தக் கடனை மறந்து பேசவில்லை. இன்று வேன்கள் பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோகின்றன என்பதும் உண்மைதான்.

வேனில் ஏறாதவர்கள் எல்லோரும் வந்து சேரும் இடம் அரசு நடுநிலைப்பள்ளி. வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர் வீடு, ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் வீடு, அண்டி ஆபீஸில் முந்திரி உடைக்கும் அம்மாக்களின் வீடு, கட்டட வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். ஆறாம் வகுப்பில் இன்னொரு கூட்டமும் சேர்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு என்று 2020-இல் சட்டம் வந்தது. ஆகவே ஐந்தாம் வகுப்பு வரை ஆங்கிலப் பள்ளியில் கட்டணம் கட்டிய பெற்றோர் சிலர் கணக்குப் போட்டுத் திரும்பி வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு இவர்கள் விருந்தாளிகள். இவர்களுக்கோ அந்தப் பள்ளி ஓர் இறக்கம். இந்த இரண்டையும் உடைக்க ஓர் ஆண்டுதான் கையில் இருக்கிறது.

2023-இல் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே சாதி வெறியில் வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பெயரின் அகர வரிசையில் மாணவர்களை உட்காரவைக்கச் சொன்னது. நல்ல யோசனை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் அது கொஞ்சம் தடுமாறும். ஜெபிஷா, ஜெனிஷா, ஜெர்லின், ஜெஸ்வின் என்று ஒரு பெஞ்சு முழுக்க ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்களாகவே அமைந்துவிடும். (அஜின், சுஜின், விஜின் வகையறா தப்பித்துவிடும், அந்தப் பெயர்களை வைத்து யார் எந்த மதம் என்று எவராலும் சொல்ல முடியாது.) அதனால் இடத்தை ஆசிரியரே யோசித்து மாற்றவேண்டும், மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

இடம் மாறினால் மட்டும் போதாது, பேச ஒரு காரணமும் வேண்டும். என் மகள் சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் இருந்தபோது, கணக்கு டீச்சர் சதவீதப் பாடத்தில் புத்தகக் கணக்கை மூடிவைத்துவிட்டு, அதுவரை வாயே திறக்காத ஒரு கடற்கரைப் பையனை எழுப்பி, மீன் ஏலத்தில் பணம் எப்படிப் பிரியும் என்று சொல்லச் சொன்னார். அவன் சொன்ன கணக்கு என் மகளின் நோட்டில் இருக்கிறது. மீன் போனது 12,000 ரூபாய்க்கு. ஏலக்காரருக்கு 5 சதவீதம், 600. டீசலும் ஐஸும் 3,400. மீதி 8,000-இல் பாதி வள்ளத்துக்கு. மறுபாதி நான்கு பேருக்கு, ஆளுக்கு 1,000. ஒரு ராத்திரிக்கு அவ்வளவுதானா என்று வகுப்பில் யாரோ கேட்க, மீனே கிடைக்காத ராத்திரியும் உண்டு, அன்றைக்கும் டீசல் செலவு உண்டு என்றானாம். அடுத்த நாள் பால்வெட்டுக்காரர் மகள் ரப்பர் ஷீட்டுக்கும், மரத்திலேயே உறைந்துபோகும் ஒட்டுப்பாலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை விளக்கியிருக்கிறாள். அதற்குப் பிறகு மீன்காரம்மா வந்தால் என் மகள் தன் அம்மாவைச் சாளைக்கு விலை பேச விடுவதில்லை. வீட்டில் எனக்கு மீன் செலவு கூடியதுதான் மிச்சம்.

சாப்பாட்டு விஷயத்தில் அரசின் மேல் எனக்குக் கோபம் உண்டு. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அருமையான திட்டம். ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒரே வளாகத்தில் தம்பி உப்புமா சாப்பிடுவான், ஆறாம் வகுப்பு அக்கா பார்த்துக்கொண்டிருப்பாள். சென்ற ஆண்டு வரை அவளும் சாப்பிட்டவள்தான். பள்ளி திறக்கும் ஜூன், எங்கள் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை தொடங்கும் மாதமும்கூட. ஜூலை கடைசி வரை பல வீடுகளில் வருமானம் கிடையாது. எட்டாம் வகுப்பு வரை இலைபோட்டால் என்ன குறைந்துவிடும்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்கவேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. கூட்டத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தால் அண்டி ஆபீஸில் அரைநாள் கூலி போகும், யார் வருவார்கள்? மாலை ஐந்தரைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டோம், மாற்றினார்கள். அந்தக் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து சொன்னார்: "என் பிள்ளைகிட்ட மீன் நாத்தம்னு சொன்னது கூட இருந்த பிள்ளை. ஆனா சிரிச்சது டீச்சர்." அறையில் யாரும் பேசவில்லை. தலைமையாசிரியர் ஒரு நிமிடம் கழித்து, இது எந்த வகுப்பு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். சமாளிக்கவில்லை, "பார்த்துக்கொள்கிறோம்" என்று அனுப்பிவைக்கவும் இல்லை. மறுநாள் அந்த ஆசிரியரையும் அம்மாவையும் உட்காரவைத்துப் பேசினார். அந்தப் பள்ளியின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

தேர்ச்சி விகிதத்தைக் காட்டி யாரும் என்னை மயக்க முடியாது. எட்டு வரை எல்லோரும் தேர்ச்சிதான். எட்டு முடித்தவர்களில் யார் யார் ஒன்பதில் சேர்ந்தார்கள், சேராதவர்கள் எந்தப் பகுதிப் பிள்ளைகள் என்று பெயர் வாரியாக ஒரு பட்டியல் வேண்டும். கடற்கரையிலிருந்து எத்தனை, எஸ்டேட்டிலிருந்து எத்தனை, அந்த ஒடிசாக் குடும்பத்துப் பெண் எங்கே என்று அதில் தெரிந்துவிடும். எங்கள் பள்ளியில் கேட்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் வைப்பதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார்.