மஞ்சள் கருப்பட்டிக் கஷாயமும் குடல் புற்றும்

அண்ணாச்சி, ‘ஜீன் ஸ்விட்சைப் போடுற என்சைமை மஞ்சள் கருப்பட்டிக் கஷாயம் அணைச்சிரும், குடல் புற்றுக்கு ஆபரேஷனே வேண்டாம்’னு பதிவு போட்டிருக்கியளே, பாதி உண்மை. மீதி உசுருக்கே ஆபத்து.

டி.என்.ஏ.வில் மீத்தைல்ங்கிற சின்ன வேதித் துணுக்கை ஒட்டுற என்சைம்கள் இருக்கு, நீங்க சொல்ற ஜீன் ஸ்விட்ச் இதுதான், அது சரி. சில பெருங்குடல் புற்றுகளில் எம்.எல்.ஹெச்.1 ஜீனோட தொடக்கத்துல மீத்தைல் அப்பி, அந்த ஜீன் வேலையை நிறுத்திரும். செல் டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது வர்ற பிழையைத் திருத்துற ஜீன் அது. நின்னுட்டா பிழை மேல பிழை குவியும். அந்த வகைக் கட்டிக்கு இம்யூனோதெரபி, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடுற சிகிச்சை, மத்த வகையைவிட நல்லாக் கேட்கும். அதனாலதான் பயாப்ஸிக்கு எடுத்த சதைத் துண்டுல இதைத் தேடிப் பார்க்காங்க.

ஆனா மீத்தைல் என்சைமைத் தடுக்குற அசாசிட்டிடின்ங்கிற மருந்து 2004ல அமெரிக்காவுல அனுமதி வாங்கினது எலும்பு மஜ்ஜை நோய்க்கு, குடல் கட்டிக்கு இல்ல. மஞ்சளோட குர்குமின் ஆய்வகத் தட்டுல புற்றுசெல்லை அடக்கினது நிஜம்தான். குடிச்சா ரத்தத்துல ஏறுறது ரொம்பச் சொற்பம்.

மலத்துல ரத்தம் போகுதுன்னு கீழே கமெண்ட்டுல கேட்டிருக்க அக்கா, மூலம்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில இந்த வாரமே காட்டுங்க. ஆரம்பத்துல பிடிச்சா ஆபரேஷன்லயே குணமாகக்கூடிய நோய் இது.

அண்ணாச்சி, அந்தப் பதிவை எடுத்திருங்க.