கோட்டைச் சுவரும் எங்கள் வளவுச் சுவரும்

கன்னியாகுமரி பக்கத்து வட்டக்கோட்டையில் ஒரு பையன் மதிலில் பேரைக் கீறுகிற படத்தை நம் குழுவில் போட்டிருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். இரண்டு நாளாகக் குழுவில் "சின்னப் பையன், விட்டுடுங்க ஆச்சி" என்றே வந்துகொண்டிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அவன் சின்னப் பையன் இல்லை, கல்லூரியில் படிக்கிறான். கூர்க்கல்லை எடுத்து மதிலில் பேரைக் கீறுகிறான். பெரியவர்கள் நாலு பேர் சிரித்துக்கொண்டே படம் எடுக்கிறார்கள். என் கோபத்தில் பாதி அவர்கள் மேல்தான்.

"புல்லும் மரமும் இருக்கிற பார்க்தானே" என்று ஒருவர் கேட்கிறார். புல்தரை போட்டதால் கோட்டை பார்க் ஆகிவிடாது அண்ணே. 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சரணடைந்த டச்சுப் படைத் தளபதி டிலனாய், பிறகு அவருக்கே படைத்தலைவராகி எடுத்துக் கட்டிய கோட்டை அது. மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. பிள்ளைகள் ஓடட்டும், கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிடட்டும். நானும் அந்த நிழலில் புளியோதரை சாப்பிட்டவள்தான். சுவரில் கை வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் ஐயா (தாத்தா) வீட்டு வளவில், அதாவது உள்முற்றப் பகுதியில், ஒருமுறை படப்பிடிப்புக்கு வந்தவர்கள் துணி கட்ட ஆணி அடித்தார்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் கண்ணாடி மாதிரி இழைத்த பூச்சு, உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. ஆயா (பாட்டி) அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். அதே பளபளப்பில் பூசித் தர ஆள் கிடைக்கவே இல்லை. அந்த ஓட்டை இன்றும் இருக்கிறது. நம் வீட்டுச் சுவர் என்றால் குடும்பமே அழுகிறோம். ஊரான் கட்டிய சுவர் என்றால் சிரிப்பா?

"கருங்கல்லுக்கு ஒன்றும் ஆகாது" என்கிறார்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற சின்னம். சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டமே இருக்கிறது. காவலுக்கு ஆள் போதவில்லை என்கிறீர்கள், சரி, அது நியாயம். அதற்காக? ஆள் இல்லாத வீட்டில் நாம் கிறுக்குவோமா?

"ஓவரா பண்றீங்க" என்று எழுதியது வெளியாள் இல்லை, என்னோடு ஒரே பந்தியில் சாப்பிட்ட பிள்ளை. அதுதான் மனசில் நிற்கிறது. அவன் அம்மாவும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அடுத்த மாதம் அவர்கள் வீட்டு சாந்தி விசேஷத்துக்கு நான் போவேன், மொய்யும் எழுதுவேன். அதற்குள் அந்தப் படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.