அந்தப் பாட்டு அதுக்கில்லைய்யா!

நேற்று ஒரு பிரிவு உபசார விழா. முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெறுகிறவரை வாழ்த்திப் பேசி முடித்தார்கள். உடனே ஒலிபெருக்கியில் 'டோன்ட் க்ரை ஃபார் மீ அர்ஜென்டினா'. பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

அது விடைபெறும் பாட்டே இல்லை! 'எவிட்டா' இசை நாடகத்தில் வரும் பாட்டு அது. அதில் பெரோன் தேர்தலில் ஜெயித்து அர்ஜென்டினாவின் அதிபராகிறார், 1946ல். அவர் மனைவி ஏவா மாளிகை மாடத்தில் நகையும் பட்டுமாக வந்து நின்று, கீழே திரண்டிருக்கும் ஏழை ஜனங்களிடம் 'நான் இன்னும் உங்களில் ஒருத்திதான்' என்று உருகுகிறாள். அசல் மேடைப்பேச்சு. உருக்கம் நிஜமா நடிப்பா என்று நம்மைத் திணறவைப்பதில்தான் பாட்டெழுதிய டிம் ரைஸின் கெட்டிக்காரத்தனமே இருக்கிறது. (அவள் சாகப்போகும் நேரத்தில் அதே மெட்டு கொஞ்சம் திரும்பி வரும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக?) ஒரு நல்ல மனுஷனை அரசியல் வெற்றி உரை போட்டு வழியனுப்பிவைத்தோம்.

சொன்னால், "மெட்டு நல்லாத்தானே இருக்கு, விடுங்களேன்" என்கிறார்கள். எப்படி விடுவது? இசை நாடகத்தில் பாட்டு என்பது வசனம். யார், யாரிடம், எந்த நிலைமையில் சொல்கிறார்கள் என்பதைக் கழற்றிப் போட்டுவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்?

'சென்ட் இன் த க்ளௌன்ஸ்' கதி இன்னும் மோசம். க்ளௌன் என்று காதில் விழுந்ததுமே சர்க்கஸ் கூடாரமும் சிவப்பு மூக்கும்தான்! 1973ல் 'எ லிட்டில் நைட் மியூசிக்' இசை நாடகத்துக்காக ஸ்டீபன் சோன்டைம் எழுதியது அது. வயது ஏறிவிட்ட நடிகை ஒருத்தி, பழைய காதலனிடம் 'இனியாவது சேர்ந்து வாழலாமா' என்று கேட்கிறாள். அவனால் இளம் மனைவியை விட்டு வர முடியவில்லை. மேடையில் காட்சி சொதப்பினால் கோமாளிகளை அனுப்பிச் சமாளிப்பார்களே, அதைத்தான் நடிகைக்கே உரிய கசப்போடு சொல்கிறாள். கோமாளிகள் வேறு யாருமில்லை, அவர்கள் இரண்டு பேரும்தான். முதலில் அதைப் பாடிய க்ளினிஸ் ஜான்ஸுக்கு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்க வராது என்பதால் வரிகளைச் சின்னச் சின்னதாக வெட்டி வைத்தார் சோன்டைம். அதைப் போய் ஜவ்வாக இழுக்கிறார்கள், பாவிகள்.

'எடல்வைஸ்' ஆஸ்திரியாவின் தேசிய கீதம் என்று என்னிடம் அரை மணி நேரம் வாதாடினார் ஒருவர். நாட்டுப்புறப் பாட்டுகூட இல்லைங்க, 1959ல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் வந்த 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்துக்காக ராட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் செய்தது என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. 'கேபரே' நாடகத்தின் 'டுமாரோ பிலாங்ஸ் டு மீ'. அமைதியான நாட்டுப்புற மெட்டாக நம்மை மயக்கி, பிறகு நாஜிப் பாட்டாகப் பல்லைக் காட்டும். எழுதிய காண்டர், எப் இரண்டு பேரும் யூதர்கள். அப்படியும் அது நிஜ நாஜிப் பாட்டு என்று அவர்கள் மேலேயே பழி வந்தது. பின்னாளில் நவ நாஜிக் கும்பல்கள் அதைத் தங்கள் பாட்டாகவே பாடித் திரிந்தன. தங்களைப் போன்றவர்களைத் தோலுரிக்க எழுதிய பாட்டு என்பதுகூட உறைக்கவில்லை.

இப்போது ஒரு கல்யாண வரவேற்புக்கான பாட்டுப் பட்டியல் வந்திருக்கிறது. நான்காவது, 'ஐ ட்ரீம்ட் எ ட்ரீம்'. காதலன் கைவிட்டு, வேலையும் பறிபோய், தெருவுக்கு வந்த ஃபான்டீன் என்ற பெண் 'லே மிசராப்ள' நாடகத்தில் பாடுவது. மணப்பெண் ஆசைப்பட்டுக் கேட்டதாம்.